அம்பாசடர் எஞ்சினைக் கிலோ கணக்கில் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பா வாங்கிய 1974 அம்பாசடர் மார்க் 2, பெட்ரோல் வண்டி. போன மாதம் சேலத்தில் கல்யாணம் முடிந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. ஓட்டிய சித்தப்பா கவனிக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் 'டங்' என்று ஒரு சத்தம், ரோடெல்லாம் ஆயில். பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு, எஞ்சினின் இரும்பு உடலான பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. மெக்கானிக், "எஞ்சின் போச்சுங்க, இதுல ஒண்ணும் தேறாது. இரும்பு விலைக்கு நானே எடுத்துக்கிறேன், வேற எஞ்சின் பாத்துப் போட்டுத் தர்றேன்" என்கிறார். கொடுத்துவிடலாமா? — வாசகர், பாலக்கோடு

பதில்: கொடுக்காதீர்கள். குறைந்தபட்சம், எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும்வரை கொடுக்காதீர்கள். பிரிக்கும்போது நீங்களோ வீட்டுப் பெரியவர் ஒருவரோ பக்கத்தில் இருங்கள்.

பிளாக்கில் ஓட்டை விழுந்தது பார்க்கப் பயங்கரமாகத்தான் இருக்கும். ஆனால் அது எஞ்சினின் ஒரு பகுதிக்கு வந்த சேதம். தண்ணீர் போனதும் சூடு ஏறி, ஆயில் நீர்த்து, ஒரு பேரிங் உருகி, அந்த ராடு உடைந்திருக்கும். அதைத் தாண்டி இருக்கும் எத்தனையோ பாகங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அம்பாசடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. இந்த 1489 சிசி எஞ்சினின் அசல் பாகங்கள் இனிப் புதிதாக வரப்போவதில்லை. எங்கள் வீட்டு பத்மினி கார் எஞ்சினை ஒரு முறை இப்படித்தான் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்தோம். நான்கு வருடம் கழித்து ஒரு டிஸ்ட்ரிபியூட்டருக்காக ஊர் ஊராக அலைந்தபோதுதான் எதைக் கொடுத்தோம் என்பதே புரிந்தது. அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

முதலில் வெளியே மாட்டியிருப்பவற்றைக் கழற்றச் சொல்லுங்கள். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார், பெட்ரோல் பம்ப், மேனிஃபோல்டு, ஃப்ளைவீல் எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். உங்களுடையது எஸ்.யூ. கம்பெனி கார்புரேட்டராக இருந்தால் அதன் பிஸ்டனை விரலால் மேலே தூக்கி விடுங்கள். தடையில்லாமல் இறங்கி 'டக்' என்று உட்கார்ந்தால் நல்லது. அந்த பிஸ்டனும் மேல்மூடியும் ஒன்றுக்கொன்று ஜோடி. மூடியை வேறு கார்புரேட்டரோடு மாற்றிவிட்டால் இரண்டுமே கெடும். த்ராட்டில் கம்பியை ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் புஷ் என்கிற சின்ன உருளை வளையம் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. உள்ளே இருப்பதில் விலை மதிப்புள்ளது இதுதான். உடைந்த ராடு இருந்த இடத்தில் ஜர்னல், அதாவது பேரிங் உட்காரும் வழவழப்பான உருளைப் பகுதி, கீறியிருக்கும். அதற்காக மட்டும் தூக்கிப் போடாதீர்கள், கீறலைக் கிரைண்டிங்கில் எடுத்துவிடலாம். அந்த இடம் நீலம் பாய்ந்திருந்தால்தான் கவலை, அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது என்று பொருள். முன்பு எத்தனை முறை கிரைண்ட் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. கழற்றிய பழைய பேரிங் ஷெல்லின் முதுகைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எஸ்.டி.டி. (ஸ்டாண்டர்டு, அதாவது கிரைண்ட் செய்யாத அசல் அளவு) என்றோ 010, 020 என்றோ குத்தியிருக்கும். ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு தேய்த்திருக்கிறார்கள் என்பதுதான் அந்த எண். 010 என்றால் இன்னும் ஆயுள் இருக்கிறது. 040 என்றால் அடுத்த கிரைண்டிங்குக்கு இடம் இருக்காது.

விரிசல் பார்க்க, கிராங்கைக் கயிற்றில் தொங்கவிட்டு சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் கோயில் மணி மாதிரி ஓசை நீளும். விரிசல் இருந்தால் 'தட்' என்று அடங்கிவிடும். சிலிண்டர் ஹெட்டுக்கு வேறு முறை. சுத்தமாகக் கழுவி, வால்வு சீட்டுகளுக்கு நடுவே மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியில் முடி அளவுக்குக் கருப்புக் கோடு போடும். உங்கள் எஞ்சின் தண்ணீரில்லாமல் ஓடியது, அதனால் ஹெட்டை இப்படிப் பார்க்காமல் விடவே கூடாது.

வால்வுகளைத் திறந்து மூட உதவும் ராக்கர் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட், டேப்பெட், புஷ் ராடு இவற்றையும் எடுத்து வையுங்கள். எந்த டேப்பெட் எந்த இடத்தில் இருந்ததோ அதே வரிசையில் எண் போட்டு வைப்பது முக்கியம். புஷ் ராடைக் கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். இன்னொன்று, இந்த எஞ்சினின் போல்ட்டுகளில் பெரும்பாலானவை அங்குல மரை. இப்போது கடையில் கிடைப்பவை மில்லிமீட்டர் மரை. ஆகவே கழற்றும் ஒவ்வொரு போல்ட்டும் ஒரு டப்பாவில் சேரட்டும்.

பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் இரும்புக் கடைக்கே போகட்டும். மீதமுள்ள மூன்று ராடுகளை நம்ப வேண்டாம், ராடு போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தவே வேண்டாம்.

இனி பிளாக். இதை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். உங்கள் ஆர்.சி.யில் இருக்கும் எஞ்சின் எண் அதோடு சேர்ந்தது. எண்ணோடு போன பிளாக் நாளை எந்த வண்டியில் ஏறும் என்று உங்களுக்குத் தெரியாது. அதோடு வேறு எஞ்சின் மாற்றுவது என்பது மெக்கானிக்கோடு முடிகிற விஷயம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் எண்ணை மாற்றியாக வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கேட்கும்போது சிக்கல் வரும்.

உங்களுடையது 1974 வண்டி என்பதால் இன்னொரு காரணமும் இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் மாறாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். ஆகவே பிளாக்கைச் சரிசெய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். ஓட்டை பக்கச் சுவரில் மட்டும் இருந்தால் மெட்டல் ஸ்டிச்சிங் முறையில் துண்டு வைத்து மூடுபவர்கள் இருக்கிறார்கள். கிராங்க் உட்காரும் மெயின் பேரிங் சுவரே உடைந்திருந்தால் அது கஷ்டம். ஓசூர் பக்கம் இருக்கும் மெஷின் ஷாப்களில் இரண்டு பேரிடமாவது பிளாக்கைக் காட்டிக் கேளுங்கள். அப்பா வைத்திருந்த வண்டி, அந்த அலைச்சலுக்குத் தகுதியானதுதான்.

மெக்கானிக்கிடம் சண்டை வேண்டாம். "பழைய பாகம் எல்லாம் எனக்கு வேணும், பில்லில் எழுதிக் கொடுங்க" என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பிரிப்பதற்குக் கூலி கேட்பார், அது நியாயம், கொடுங்கள்.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் ஒரு அம்பாசடர் கிராங்க் ஷாஃப்ட் பார்த்தேன். "ஸ்டாண்டர்டு சைஸ்தான், நம்பி எடுங்க" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? — வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: அளந்துவிட்டு வாங்குங்கள். முன்பணம் மட்டும் கொடுத்து, ஒரு கிரைண்டிங் கடைக்குக் கொண்டுபோய் மைக்ரோமீட்டரில் ஒவ்வொரு ஜர்னலையும் இரண்டு திசையில் அளக்கச் சொல்லுங்கள். வட்டம் முட்டையாகியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மேலே சொன்ன மணிச் சோதனையையும் கடை வாசலிலேயே செய்யலாம்.

"சைஸ் மாறினாலோ விரிசல் இருந்தாலோ திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்று பில்லில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்கவே மாட்டேன் என்றால் அந்தக் கிராங்கை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.