மோனலிசாவைத் தூக்கிச் சென்றவனுக்குக் கதவு திறந்துவிட்டது யார்?

கேள்வி (கல்லூரி மாணவி, திருச்சி): 1911-இல் மோனலிசா திருடுபோனது ஒரு நாளுக்கும் மேலாக யாருக்கும் தெரியவில்லையாமே! காவலர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்களா?

பதில்: விழித்துக்கொண்டுதான் ஏமாந்தார்கள். ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை. துப்புரவுப் பணிக்காகப் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் மூடியிருக்கும் நாள். அங்கே ஓவியங்களுக்குக் கண்ணாடி பொருத்தும் வேலை பார்த்திருந்த இத்தாலியத் தொழிலாளி வின்சென்சோ பெருஜா, ஊழியர்கள் போடும் வெள்ளை மேலங்கியோடு படத்தைக் கழற்றி, படிக்கட்டு மறைவில் சட்டத்தைப் பிரித்தெடுத்தான். கீழ்க்கதவு பூட்டியிருந்தது. கைப்பிடியைத் திருகி எடுத்தும் திறக்கவில்லை. அப்போது ஒரு குழாய்ப் பணியாளர் வந்தார். சக ஊழியன் மாட்டிக்கொண்டு தவிக்கிறான் என்று நினைத்துத் தன் சாவியால் திறந்துவிட்டார்! சுவரில் படம் இல்லாததும் யாரையும் உறுத்தவில்லை. போட்டோ எடுக்கப் படங்களைக் கழற்றிக் கொண்டுபோவது அங்கே வழக்கம். மறுநாள் லூயி பெரூ என்ற ஓவியர் விடாமல் கேட்டு, காவலர் போட்டோ பிரிவில் விசாரித்த பிறகே குட்டு வெளிப்பட்டது.

கேள்வி (ஓய்வுபெற்ற தலைமைக் காவலர், மதுரை): கைரேகை கிடைக்கவில்லையா? நாங்கள் முதலில் தேடுவது அதைத்தானே?

பதில்: கிடைத்தது ஐயா, கழற்றிப் போட்ட கண்ணாடியில் இடது கட்டைவிரல் ரேகை. பெருஜா முன்பே கைதானவன். அவனுடைய ரேகையும் பாரிஸ் போலீசிடம் இருந்தது. ஆனால் அவர்கள் ஒப்பிட்டுத் தேட வைத்திருந்தது வலது கட்டைவிரலை! இதைவிட எனக்கு வியப்பு, முன்னாள் தொழிலாளி என்று போலீசார் அவன் அறைக்கே போய் விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியது. இவ்வளவு பெரிய திருட்டைச் சாதாரணக் கூலிக்காரன் செய்திருப்பான் என்று யாருக்குத் தோன்றும்? கவிஞர் அப்பொலினேரைச் சிறையில் அடைத்தார்கள், ஓவியர் பிக்காசோவை விசாரித்தார்கள். அப்பொலினேரின் முன்னாள் உதவியாளன் லூவரில் சிறு சிலைகளைத் திருடியவன் என்பதால் அதற்கு ஒரு சாக்கும் இருந்தது.

கேள்வி (வங்கி ஊழியர், சென்னை): வெறும் உடைக்கு இவ்வளவு மதிப்பா?

பதில்: 1906-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஃபோக்ட் என்ற செருப்புத் தொழிலாளி, பழைய இராணுவக் கேப்டன் உடையை வாங்கிப் போட்டுக்கொண்டு, வழியில் கண்ட சிப்பாய்களைக் கூட்டிப்போய்க் கோப்பெனிக் நகர மேயரையே கைது செய்தான். நகராட்சிப் பணத்தோடு கம்பி நீட்டினான். அதிகாரத்துக்குத் தலையாட்டிப் பழகிய ஊரில்தான் இது எடுபடும் என்பது என் எண்ணம்.

கேள்வி (பள்ளி ஆசிரியர், ஈரோடு): அமெரிக்காவின் அல்காட்ராஸ் தீவுச் சிறையில் பொம்மைத் தலைகளை வைத்துத் தப்பியது உண்மையா?

பதில்: உண்மை. 1962 ஜூனில் மூன்று பேர். முடிதிருத்தகத்தில் பொறுக்கிய அசல் தலைமுடியை ஒட்டிய தலைகள். போர்வைக்கு மேல் ஒரு தலை தெரிந்தால் இரவுக் காவலருக்குப் போதும். விடிந்த பிறகே தெரிந்தது.

கேள்வி (திருச்சி மாணவியே மீண்டும்): பெருஜா எப்படித்தான் பிடிபட்டான்?

பதில்: இந்த முறை அவசர முடிவுக்கு வந்தவன் அவனே. இத்தாலியப் படத்தைத் தாய்நாட்டுக்கு மீட்டுத் தந்தால் பரிசு கொடுத்துக் கொண்டாடுவார்கள் என்று நம்பி, 1913 டிசம்பரில் ஃபுளோரன்ஸில் ஒரு கலைப்பொருள் வணிகரைத் தேடிப்போனான். சரிபார்க்க வேண்டும் என்று படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஓட்டல் அறைக்குப் போலீசை அனுப்பினார்கள்.