பிரமிடுக்குள் ஒரு பிரமுகர்

கேள்வி: இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் பிரமிடு கட்டி, அதற்குள் ஒரு பணக்காரரைக் கையில் ஒயின் பாட்டிலோடு உட்கார்ந்தபடியே புதைத்திருக்கிறார்களாமே, நம்பலாமா?

பதில்: பிரமிடை நம்பலாம், பாட்டிலை நம்ப வேண்டாம். ஊர் கிழக்கு சஸ்ஸெக்ஸில் உள்ள பிரைட்லிங். ஆசாமி ஜான் ஃபுல்லர் (1757–1834), பட்டப்பெயர் 'மேட் ஜாக்', அதாவது கிறுக்கு ஜாக். சாவதற்கு 23 வருஷம் முன்பே, 1811இல், தனக்கான பிரமிடு கல்லறையைக் கட்டி முடித்துவிட்டார். தலையில் தொப்பியோடு மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறார், சாத்தான் வந்தால் காலைக் கிழிக்கட்டும் என்று தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு போட்டிருக்கிறது என்றெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கதை ஓடியது. 1982இல் பழுது பார்த்தபோதுதான், மனுஷர் எல்லாரையும் போலத் தரைக்கு அடியில் படுத்திருப்பது தெரிந்தது.

இன்னொன்று. தன் வீட்டிலிருந்து பார்த்தால் டாலிங்டன் தேவாலயத்தின் கூம்புக் கோபுரம் தெரியும் என்று பந்தயம் கட்டிவிட்டாராம். வந்து பார்த்தால் மேடு மறைக்கிறது. உடனே அதே மாதிரி 35 அடி உயரத்துக்கு ஒரு கூம்பை அவசர அவசரமாக எழுப்ப வைத்தாராம். பந்தயம் நடந்ததோ இல்லையோ, கூம்பு இன்றைக்கும் நிற்கிறது, அதற்குள் ஆட்கள் குடித்தனம் கூட நடத்தியிருக்கிறார்கள்!

கிறுக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இடிபடவிருந்த போடியம் கோட்டையை விலைக்கு வாங்கிக் காப்பாற்றியவர் இவர்தான். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இவர் பணத்தில் உருவான வேதியியல் பேராசிரியர் பதவிக்கு 1833இல் முதலில் வந்தவர் மைக்கேல் ஃபாரடே. சரி, அவ்வளவு பணம் ஏது? ஜமைக்காவில் அடிமைகளை வேலை வாங்கிய கரும்புத் தோட்டங்களும் குடும்பச் சொத்தில் இருந்தன, நாடாளுமன்றத்தில் அடிமை முறைக்காக வக்காலத்தும் வாங்கியிருக்கிறார். பாட்டில் கதை பரவிய அளவுக்கு இது பரவவில்லை.

கேள்வி: குயிலுக்கு வேலி போட்ட ஊரும் இங்கிலாந்தில்தானா?

பதில்: ஆமாம், நாட்டிங்ஹாம்ஷயரில் காத்தம் கிராமம். குயில் இருந்தால் வசந்தமும் இருக்கும் என்று சுற்றி வேலி கட்டினார்களாம், அது மேலே பறந்து போனதும், வேலி உயரம் பத்தவில்லை என்றார்களாம். எல்லாம் நடிப்பு என்கிறது கதை: ஜான் மன்னர் போகிற பாதை அரசப் பாதையாகிவிடும், செலவு ஊர் தலையில் விழும், அதனால் முன்னால் வந்த அரசாங்க ஆட்களிடம் ஊரே பைத்தியம் போல ஆடியது. 1807இல் அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் நியூயார்க்கைக் கேலியாகக் காத்தம் என்று எழுதினார், பேட்மேனின் ஊருக்குப் பெயர் வந்தது அந்த வழியாகத்தான்.