பிள்ளையாரின் குறுக்குவழி

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். முடித்ததும் ஓராண்டு, முடிந்தால் இரண்டாண்டு, வெளிநாடுகளில் தங்கித் தங்கிப் பயணம் செய்ய ஆசை. பகுதி நேர வேலையில் 6,000 மலேசிய வெள்ளி (ரிங்கிட்) சேர்த்திருக்கிறேன். பி.டி.பி.டி.என். என்ற அரசு கல்விக் கடனும் இருக்கிறது. அப்பாவிடம் பேச்செடுத்தால் பிள்ளையார் மாம்பழம் வாங்கிய கதையைச் சொல்லி வாயை அடைத்துவிடுகிறார். நான் போகலாமா?
– ஒரு மாணவி, குளுகோர், பினாங்கு

பதில்: போகலாமா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் மாம்பழம்.

நம் வீடுகளில் அந்தக் கதை எப்போது வெளியே வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பிள்ளைகள் பெட்டியைத் தொடும்போது மட்டும். உலகத்தை முதலில் சுற்றி வருபவருக்குப் பழம் என்றார்கள். தம்பி மயிலேறிப் பறந்தார். அண்ணன் எழுந்து அம்மையப்பரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை நீட்டினார். இதைப் பக்தி என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். எனக்கென்னவோ அது வக்கீல் வேலையாகத்தான் படுகிறது. ‘உலகம்’ என்ற சொல்லுக்கு வேறு பொருள் காட்டி வழக்கை வென்றுவிட்டார். எதிராளியிடம் மயில், தன்னிடம் மூஞ்சூறு. பாவம், அவரும்தான் வேறு என்ன செய்வார்! (விநாயகர் பக்தர்கள் கடிதம் எழுதிச் சிரமப்பட வேண்டாம். எங்கள் அச்சக வாசலிலும் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் அருகம்புல் போகிறது.)

பழம் கைமாறியதோடு அப்பாக்கள் கதையை முடித்துவிடுகிறார்கள். கோபித்துக்கொண்டு மலையேறியவருக்கு என்ன குறைந்துபோயிற்று? தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வந்து பாருங்கள். 513 படிகளிலும் மனிதத் தலை. கீழே சாலையில் தேங்காய்ச் சில்லு இல்லாத இடம் பார்த்துக் கால் வைக்க வேண்டும். எல்லாம் பழம் கிடைக்காதவருக்கு. பழம் வாங்கியவருக்கு இந்த மாநிலத்தில் ஒரு நாள் பொது விடுமுறை உண்டா? தைப்பூச ஊர்வலத்தில் முதலில் போக வேண்டியது தங்க ரதமா, வெள்ளி ரதமா என்று என்னைக் கேட்காதீர்கள். ஒருமுறை பதில் சொல்லிவிட்டு நான் பட்ட பாடு போதும். அந்தக் கடிதங்கள் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. சிலவற்றில் கையெழுத்து மட்டும்தான் மரியாதையாக இருந்தது.

உங்கள் அப்பாவிடம் நீங்கள் ஒன்று கேளுங்கள். அவருடைய தாத்தா எப்படி இங்கே வந்து சேர்ந்தார்? என் அப்பா வந்தது ரஜூலா கப்பலில். 1926-இல் ஓடத் தொடங்கிய கப்பல் அது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே பல தலைமுறைகளைச் சுமந்தது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவரை நேரே ஊருக்குள் விடவில்லை. ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் இறக்கினார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி நீராவியில் போட்டார்களாம். திரும்பி வந்தபோது அது பத்து வயதுப் பையன் சட்டையாக இருந்ததாம். சாகும்வரை அந்தச் சட்டைக்காக வெள்ளைக்காரனை மன்னிக்கவில்லை. அவருடைய தகரப் பெட்டி இன்னும் என் வீட்டுப் பரண்மேல் கிடக்கிறது. மூடியில் ஒட்டிய சீட்டைக் கரப்பான் தின்றது போக ‘பினா’ மட்டும் மீதி.

அவர் ஊர் பார்க்க வரவில்லை. கடன் அடைக்க வந்தார். அதனால் அவருக்கு மயிலைக் கொடுத்து நான் ஏமாற்றப் போவதில்லை. ஆனாலும் உங்கள் கொள்ளுத்தாத்தா பெற்றவர்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தால், இன்று குளுகோரில் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளையார் கதை சொல்ல உங்கள் அப்பாவுக்கு நாற்காலி ஏது?

இனிக் கணக்கு. 6,000 வெள்ளிக்கு இரண்டாண்டு என்பது மூஞ்சூறுக்கு மயில் இறகு ஒட்டுவது போல. நம் பாஸ்போர்ட்டுக்கு ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள் இடம் தருகின்றன; உங்கள் பணம் அதில் பாதி நாள்கூடத் தாங்காது. (‘பாஸ்போர்ட்’ என்று எழுதிவிட்டேன். ‘கடப்பிதழ்’ என்று எழுதினால் ‘கடவுச்சீட்டு’ அல்லவா சரி என்று சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு பெரியவர் பதினோரு ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறார். கடவுச்சீட்டு என்று போட்டால் கோலாலம்பூரில் இன்னொரு பெரியவர் விழித்துக்கொள்கிறார். இருவரும் இம்முறை என்னைச் சேர்ந்து திட்டட்டும்.) நியூசிலாந்து 18 முதல் 30 வயது வரையுள்ள நம் நாட்டு இளையோருக்கு, சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்கும் விசா ஒன்று வைத்திருக்கிறது. அதை விசாரியுங்கள். கல்விக் கடன் பாக்கிக்காரர்களை எல்லையில் நிறுத்தும் வழக்கம் 2018-இல் கைவிடப்பட்டது. திரும்பக் கொண்டுவரும் பேச்சும் எழுந்தது. புறப்படும்போது நிலைமை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். தடை இல்லை என்றாலும் கடன் கடன்தான்.

நானாக இருந்தால் விமானத்தையே தொட மாட்டேன். பட்டர்வொர்த்தில் ரயில் ஏறிப் பாடாங் பெசார், அங்கிருந்து தாய்லாந்து ரயிலில் பேங்காக், பிறகு லாவோஸின் வியந்தியான், அங்கே 2021-இல் திறந்த பாதையில் சீனாவின் குன்மிங். தரையை விட்டு எழும்பாமலே சீனா வந்துவிடும். வழியில் எந்த நாட்டுக்கும் நாம் முன்கூட்டி விசா வாங்க வேண்டியதில்லை. சீனாவில் 30 நாள் இருக்கலாம். அந்த முப்பது நாளில் ஊர் நினைப்பு வந்து அழுதால் திரும்பிவிடலாம். அழவில்லை என்றால் இரண்டாண்டைப் பற்றி அப்பாவிடம் மறுபடி பேசுங்கள்.

பாடாங் பெசாருக்கு முன்னால் ஆராவ் என்று ஒரு நிலையம் வரும். பெர்லிஸ் மாநிலம், ஹாருமானிஸ் மாம்பழம் விளைகிற மண். ஏப்ரல், மே, ஜூன்தான் பருவம். விலையைக் கேட்டால் 6,000 வெள்ளியில் ஒரு மூலை குறைந்துவிடும், பரவாயில்லை. இறங்கி ஒரு கிலோ வாங்கி, குளுகோர் முகவரி எழுதி, அப்பா பெயருக்கு அனுப்பிவிட்டு அடுத்த ரயிலைப் பிடியுங்கள்.