ஊசி போட்டால் குருத்தெலும்பு வளருமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தந்தை எழுதுகிறார்: "மகனுக்கு 26 வயது. கபடியில் விழுந்ததில் முழங்கால் குருத்தெலும்பு ஒன்றரைச் சதுர செ.மீ. பெயர்ந்துவிட்டது. எலும்பில் துளை போட வேண்டும் என்கிறார் மருத்துவர். காட்பாடியில் ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் பழக்கமான ஒருவர், ஸ்டெம் செல் ஊசி போட்டால் தானாக வளர்ந்துவிடும், ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார். எதை நம்புவது?"

மருத்துவரை நம்புங்கள். மூட்டில் எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. தோல் புண்போல் அது ஆறாது. அதனால்தான் துளை. பிய்ந்த ஓரங்களைச் சுரண்டிச் சீராக்கிவிட்டு, ஆம்பூர் செருப்புத் தொழிலாளி வைத்திருக்கும் குத்தூசி போன்ற, முனை வளைந்த கருவியால் அடி எலும்பில் 3, 4 மி.மீ. இடைவெளியில் குத்துவார்கள். மஜ்ஜை ரத்தம் கசிந்து உறைந்து, குழியில் புதுத் திசு வளரும். அது அசலுக்கு ஈடாகாது. ஆனால் 2 சதுர செ.மீ.க்குள், இந்த வயதில், முதலில் செய்து பார்க்க ஏற்றது.

ஒரு விலக்கு உண்டு. மகனின் கால் வில்போல் வளைந்திருக்கிறதா? நிற்கவைத்து, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். படுக்கவைத்து முட்டியை மட்டும் எடுத்த படம் இதற்கு உதவாது. வளைவு இருந்து, குழியும் முட்டியின் உட்பக்கத்தில் இருந்தால், உடல் எடையின் பெரும்பங்கு அதன் மேலேயே இறங்கும். வளர்ந்த திசு நசுங்கிப் போகும். சக்கரம் கோணலாக இருக்க, டயரை மட்டும் மாற்றுவதுபோல. முதலில் காலை நேராக்க வேண்டும், அல்லது இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். இந்த எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மருத்துவமனையிலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனைத் திரும்ப எடுக்கச் சொல்பவர்கள், மலிவான இந்தப் படத்தை மறந்துவிடுகிறார்கள்!

இனி அந்த ஸ்கேன் நண்பர். ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல். ரத்த நோய்கள் சிலவற்றைத் தவிர, ஸ்டெம் செல் சிகிச்சையை முறையான ஆய்வுக்கு வெளியே தரக் கூடாது என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள். "இதுவும் ஆய்வுதான்" என்பார். ஆய்வின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வுக்கு ஆள் சேர்ப்பவர் ஒன்றரை லட்சம் கேட்பாரா? நல்ல மருத்துவருக்கு ஆள் பிடித்துத் தரத் தரகர் தேவையில்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்தச் சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் நீங்களே கேளுங்கள். அனுமதி வரும்வரை நாலு கையெழுத்துக்கு நாலு நாள் அலைய வேண்டியிருக்கும்; எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த எரிச்சலில்தான் தரகரின் பிழைப்பு ஓடுகிறது.

அறுவைக்குப் பின் ஏறத்தாழ ஆறு வாரம் ஊன்றுகோல். அந்தக் காலில் முழு எடை வைக்கக் கூடாது. கபடியைப் பற்றி அடுத்த ஆண்டு பேசலாம்.