தவக்காலத்துல கிளாஸ் ஜெபம்: சேர்க்காதீங்க டீச்சர், குறைங்க

கும்பகோணம் பக்கம் ஒரு கத்தோலிக்க ஸ்கூல்ல ஏழாம் வகுப்பு எடுக்குற டீச்சர் கேட்டிருக்காங்க: "காலையில அஞ்சு நிமிஷம் ஜெபம், பசங்க வாய்ப்பாடு மாதிரி ஒப்பிச்சிட்டு உக்காந்துடுறாங்க. தவக்காலத்துலயாவது மாத்தணும், புதுசா என்ன சேர்க்கலாம்? பாதிக்கு மேல இந்துப் பிள்ளைங்க, நாலஞ்சு பேர் முஸ்லிம்."

டீச்சர், ஒண்ணும் சேர்க்க வேணாம், மொதல்ல எடுங்க. கோயில்லயே பாருங்க, ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் நோன்புக் காலமான தவக்காலம் வந்தா அல்லேலூயா கிடையாது, ஞாயிறு பூசையில உன்னதங்களிலே பாட்டு கிடையாது, பீடத்துல பூ கிடையாது. நம்ம ஊரும் அப்ப அப்படித்தான் இருக்கும், வழக்கமா ஜனவரி 28-ல மேட்டூரை மூடிடுவாங்க, காவிரி மணலா கிடக்கும், சம்பா அறுத்த வயல்ல மிச்ச ஈரத்தையும் பனியையும் வச்சே உளுந்தும் பயறும் வளர்ந்து நிக்கும். தவக்காலம்னா என்னன்னு பசங்க கேட்டா நான் அந்த உளுந்தைத்தான் காட்டுவேன், எந்த வீட்டுப் பிள்ளைக்கும் அது தெரியும்.

அதனால மொத வாரம் ஜெபப் புத்தகத்தை மூடி வைங்க. இருபது செகண்ட் மௌனம், அவ்வளவுதான். ஒரு நிமிஷம்னு ஆரம்பிச்சா மூணாவது பெஞ்சுல சிரிப்பு வரும், அதனால இருபதுல தொடங்கி வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்க. அந்த நேரத்துல நீங்க அட்டெண்டன்ஸ் போடக்கூடாது, நோட்டு திருத்தக்கூடாது, கண்ணை மூடி அவங்களோட நிக்கணும், பசங்க உங்களைப் பாத்துதான் கத்துக்குவாங்க.

ரெண்டாவது வாரம் கர்த்தர் கற்பித்த ஜெபத்துல ஒரே ஒரு வரி, வாரம் முழுக்க அதே வரி. "எங்கள் அன்றாட உணவை இன்று எங்களுக்குத் தாரும்"ங்கிறதை எடுங்க, ஏன்னா அறுவடை முடிஞ்ச கையோட பல வீட்டு நெல்லு கொள்முதல் நிலையத்துல குவியலா கிடக்கும், மாசி மழை வந்துடுமோன்னு அப்பா தார்ப்பாயோட அங்கயே படுத்திருப்பார், அந்தப் பிள்ளைக்கு இந்த வரி வெறும் மனப்பாடமா இருக்காது. உங்க வேண்டுதல் என்னன்னு கேளுங்க, சொல்லக் கூச்சப்படுறவங்க சீட்டுல எழுதி டப்பால போடட்டும், பேர் வேணாம்.

இதுல ஒரு எச்சரிக்கை ரொம்ப முக்கியம். சீட்டை நீங்க தனியா படிச்சுப் பாத்துட்டுதான் கிளாஸ்ல வாசிக்கணும். வீட்ல குடி, அடி, அதைவிட மோசமானதுகூட எழுதியிருப்பாங்க. அதை எல்லாருக்கும் முன்னாடி ஜெபமாக்கக் கூடாது. எழுதுன பிள்ளையைக் கையெழுத்து வச்சுக் கண்டுபிடிச்சு தனியா பேசணும், ஹெச்.எம்.கிட்ட சொல்லணும், ஆபத்துன்னு தெரிஞ்சா குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் பண்ணணும்.

மத்த மதப் பிள்ளைங்க விஷயம். அரசியல் சட்டம் 28(3) படி, அரசு அங்கீகாரமோ உதவியோ உள்ள ஸ்கூல்ல மைனர் பிள்ளையை வழிபாட்டுல கலந்துக்க வைக்க பெற்றவங்க சம்மதம் வேணும். சட்டத்தை விடுங்க, கட்டாயப்படுத்துனா அது ஜெபமாவே இருக்காது. மௌனம் எல்லாருக்கும் பொது, வேண்டுதலும் பொது, சிலுவை அடையாளம் போடாதவங்க சும்மா நிக்கட்டும். இயேசு சிலுவை சுமந்து போனதை நிலை நிலையா தியானிக்கிற சிலுவைப் பாதையை, மறைக்கல்வி (கிறிஸ்தவ மதப் பாடம்) பீரியட்ல கத்தோலிக்கப் பிள்ளைங்களோட மட்டும் வைங்க. பெரிய வெள்ளியையும் சேர்த்தா தவக்காலத்துல ஏழு வெள்ளி வரும், நிலைகள் பதினாலு, வாரம் ரெண்டு ரெண்டா நிதானமா போகலாம், கடைசி ரெண்டு பெரிய வெள்ளி அன்னைக்குக் கோயில்ல.

நோன்புக்காக மதியச் சாப்பாட்டை விடச் சொல்லவே சொல்லாதீங்க. திருச்சபைச் சட்டப்படி ஒரு சந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடுற நோன்பு) 18 வயசு நிரம்பினவங்களுக்குத்தான், இறைச்சி தவிர்க்கிறதுகூட 14 முடிஞ்சாத்தான். 2026-ல தவக்காலம் தொடங்குற திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18, ரம்ஜான் நோன்பும் அதே வாரம் தொடங்குச்சு, அப்படி வர்ற வருஷத்துல நோன்பு இருக்கிற முஸ்லிம் பிள்ளையை அஞ்சு நிமிஷம் பேச விடுங்க, கிளாஸே அமைதியா கேட்கும்.

தவக்காலத்துல பசங்ககிட்ட சேர்க்கிற உண்டியல் காசை வகுப்புவாரியா போர்டுல எழுதுற போட்டி மட்டும் வேணாம். நானும் ஒரு வருஷம் நடத்துனேன், காசு இல்லாத ஒரு பொண்ணு ரெண்டு நாள் ஸ்கூலுக்கே வரல, அதை நினைச்சா இன்னைக்கும் வலிக்குது.

மார்ச்ல பரீட்சை நெருங்கிட்டா மத்ததெல்லாம் நின்னு போனாலும் பரவால்ல டீச்சர், அந்த மௌனத்தை மட்டும் விட்றாதீங்க, ஹால் டிக்கெட் பதட்டத்துல இருக்கிற அக்கா அண்ணன்மார் வகுப்புக்கும் அதைக் கொண்டு போகலாமான்னு ஹெச்.எம்.கிட்ட கேட்டுப் பாருங்க.