கரகரன்னு சுத்துற ரீலுக்கு
கடல்ல இருந்து வந்ததும் பைப்ப ஃபுல் ஃபோர்ஸ்ல வச்சு கழுவியும் மீன் பிடிக்கிற ஸ்பின்னிங் ரீல் கரகரன்னு சுத்துதுன்னு கேட்டிருக்கீங்க ப்ரோ, பிரச்சனையே அந்த ஃபோர்ஸ்தான், வெளிய ஒட்டியிருக்குற உப்ப அது பேரிங் வரைக்கும் தள்ளி விட்டுரும். டிராக் நாப, அதான் மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு டைட்டா போகணும்னு செட் பண்ற திருகு, அத இறுக்கிட்டு நல்ல தண்ணிய லேசா தூவுனா போதும், தயவுசெஞ்சு பக்கெட்ல முக்காதீங்க. தொடச்சப்புறம் டிராக லூஸ் பண்ணி காய விடுங்க, இல்லன்னா டிராக் உள்ள இருக்குற வாஷர் அமுங்கியே கெடக்கும்.

இப்ப லைன் ரோலர விரலால உருட்டிப் பாருங்க, நூல் ஓடுற அந்த சின்ன உருளைதான், உப்பு சீக்கிரமே பிடிக்கிற இடம், சிக்குனா கழட்டி தொடச்சு ஒரே ஒரு சொட்டு ரீல் ஆயில் விடுங்க. அது ஸ்மூத்தா இருந்தும் கைப்பிடி சுத்தும்போது கரகரத்தா அனேகமா உள்ள இருக்குற பேரிங் போயிருக்கும், மாத்திடுங்க. சும்மா ஆயில் ஊத்திட்டே இருந்தா கியர்ல உள்ள க்ரீஸ் கரைஞ்சு பல்லு தேய்ஞ்சிரும், என்னோட நல்ல ரீல் ஒன்னு அப்படித்தான் போச்சு.