தம்பி ரூம விட்டு வெளியவே வர மாட்டேங்கிறான்

மேடம், நான் கொளத்தூர், கல்யாணம் ஆகி அம்மா வீட்டுக்கு பக்கத்து தெருவுலதான் இருக்கேன். தம்பிக்கு 22, காலேஜ் முடிச்சிட்டு வேலை தேடிட்டு இருக்கான். போன வாரம் திடீர்னு என் செயினை அடகு வைக்க கேட்டான், எதுக்குடான்னு விடாம கேட்டதுல மொட்டை மாடில உக்காந்து அழுதுட்டே சொன்னான். இன்ஸ்டால ஒரு பொண்ணு, பெங்களூர்னு சொல்லிருக்கா, கொஞ்ச நாள் நல்லா பேசிட்டு ஒரு நைட்டு வாட்ஸ்அப் வீடியோ கால்ல டிரெஸ் இல்லாம வந்து நீயும் காட்டுன்னு கேட்டுருக்கா. கால் கட் ஆன உடனே அந்த வீடியோவும், பெரியப்பா பையன், என் வீட்டுக்காரர்னு எல்லார் பேரும் இருக்கற ஃபாலோயர்ஸ் லிஸ்ட் ஸ்க்ரீன்ஷாட்டும் வந்துருக்கு. பயந்துபோய் கடன் வாங்கி 12,000 அனுப்பிட்டான். இப்ப டெல்லி சைபர் கிரைம் இன்ஸ்பெக்டராம், யூனிஃபார்ம் போட்ட டிபி, வீடியோ யூடியூப்ல ஏறிடுச்சு, எடுக்க 31,500 கட்டு இல்லன்னா அரெஸ்ட்டுங்கறான். அப்பா ஆட்டோ ஓட்டறாரு, கோவக்காரர், அவருக்கு எதுவும் தெரியாது. நேத்து தம்பி "நான் இல்லாம போயிட்டா எல்லாம் முடிஞ்சிடும்லக்கா"ன்னான். எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. பணத்த கட்டி முடிச்சிடலாமா?

- கொளத்தூர் வாசகி

பதில்:

ஒரு ரூபா கூட கட்டாதீங்கம்மா. ஆனா பணத்துக்கு முன்னாடி, அவன் நேத்து சொன்னத கவனிக்கணும்.

பக்கத்துல உக்காந்து "செத்துப்போலாம்னு தோணுதாடா"ன்னு நேராவே கேளுங்க. கேட்டா நாமளே அந்த எண்ணத்த கிளப்பி விட்ட மாதிரி ஆகிடுமோன்னு நிறைய பேர் பயப்படுறாங்க, அப்படி ஆகாது, உள்ளயே புழுங்கிட்டு இருக்கறவனுக்கு ஒருத்தர் வாய்விட்டு கேட்டாலே பாதி பாரம் இறங்கும். ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, ராத்திரி யாராவது கூட படுங்க. 14416 டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழ்ல பேசலாம். கை மீறி போறது மாதிரி தெரிஞ்சா யோசிக்காம 108. "ஏன்டா இப்படி பண்ண"ங்கற கேள்விய இப்ப தயவுசெஞ்சு கேக்காதீங்க, அத அவனே தனக்குத்தானே ஆயிரம் தடவ கேட்டிருப்பான்.

அந்த பொண்ணு நிஜமா இருந்தாளாங்கறதே சந்தேகம். பெரும்பாலும் எப்பவோ எடுத்த வீடியோவ கேமராவுக்கு காட்டிட்டு இவன ரெக்கார்ட் பண்றதுதான் இவனுங்க வேலை. ராஜஸ்தான் பரத்பூர், ஹரியானா மேவாத் பக்கம் இதே தொழிலா இருந்த கும்பல்கள போலீஸ் பிடிச்சிருக்காங்க. அந்த இன்ஸ்பெக்டரும் பெரும்பாலும் அதே கும்பல்தான், போன்ல அரெஸ்ட் பண்றதுங்கறது சட்டத்துலயே கிடையாது, வீடியோவ எடுக்க யூடியூப் காசும் வாங்காது. கட்டினா விட்டுடுவான்னு நினைக்கறது கந்துவட்டிக்காரன் ஒரு தவணையோட விட்டுடுவான்னு நம்பற மாதிரி.

கட்டலன்னா அனுப்பவே மாட்டானான்னு கேட்டா, அப்படி உறுதியா சொல்ல மாட்டேன். சில சமயம் ஒண்ணு ரெண்டு பேருக்கு அனுப்பறானுங்க, ஆனா காசு வராதுன்னு தெரிஞ்சா பெரும்பாலும் அடுத்த ஆள தேடி போயிடுவானுங்க.

கோவத்துல சாட்ட அழிச்சிடாதீங்க. போன் நம்பர், ப்ரொஃபைல் லிங்க், யுபிஐ ஐடி, பணம் போனதுக்கான யுடிஆர் நம்பர் (பேங்க் பரிவர்த்தனை எண்) எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு, பதிலே போடாம பிளாக் பண்ணுங்க, இன்ஸ்டாவ ப்ரைவேட் ஆக்குங்க. அப்புறம் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடிங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவுக்கு அந்த அக்கவுண்ட முடக்க வாய்ப்பு அதிகம். தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்லயும் புகார் பதியலாம், நேர்ல போகணும்னா வேப்பேரி கமிஷனர் ஆபீஸ். மிரட்டி பணம் பறிக்கறது பாரதிய நியாய சன்ஹிதா 308-வது பிரிவுல வரும், உங்க தம்பி அங்க புகார்தாரர், குற்றவாளி இல்ல, இத அவனுக்கு திரும்ப திரும்ப சொல்லுங்க. 18 வயசு தாண்டினவன்ங்கறதால இந்த மாதிரி அந்தரங்க வீடியோ பரவாம தடுக்கற ஸ்டாப் என்சிஐஐ-ங்கற (StopNCII) இலவச தளமும் இருக்கு, வீடியோ போன விட்டு போகாம அதோட டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும், அத வச்சு இன்ஸ்டா, ஃபேஸ்புக் மாதிரி அதுல சேர்ந்த தளங்கள் தடுக்கும். டெலிகிராம்ல "ஹேக் பண்ணி அழிச்சு தரேன்"னு எவனாவது வந்தா அவனும் திருடன்தான்.

தம்பிகிட்ட முன்னாடியே சொல்லிட்டு உங்க வீட்டுக்காரர்கிட்ட இன்னைக்கே பேசிடுங்க, அவர் பேரு லிஸ்ட்ல இருக்கு, முன்னாடியே தெரிஞ்சவர மிரட்டலால ஒண்ணும் பண்ண முடியாது. ஏதாவது வந்தா திறக்காம ரிப்போர்ட் அடிக்க சொல்லுங்க. அப்பாகிட்ட எப்ப சொல்லணும்ங்கறத தம்பியே முடிவு பண்ணட்டும். என்ன கேட்டா புகார் கொடுத்த அப்புறம், மாப்பிள்ளையயும் பக்கத்துல வச்சுக்கிட்டு, "இப்படி ஆச்சு, போலீஸ்ல சொல்லியாச்சு, இதான் புகார் நம்பர்"னு ஆரம்பிக்கலாம், மாப்பிள்ள முன்னாடி எந்த அப்பாவும் ரொம்ப கத்த மாட்டாரு.